மதுவின் வருவாயில் மனைக்கு ஒரு பங்கு

கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் அனைவரும் அறிந்த விதி ஒன்று உண்டு. ஆண்டிறுதியில் கணக்கு முடித்து, இலாபம் இவ்வளவு என்று கண்ட பிறகும், அதை நாம் நம் விருப்பம்போல் பங்கிட்டுக்கொள்ள முடியாது. முதலில் சேமநிதிக்குரிய பகுதியை எடுத்து வைக்க வேண்டும். கூட்டுறவுக் கல்வி நிதிக்குரியதைச் செலுத்த வேண்டும். அதன் பின்னரே பங்கு ஈவைப் பற்றிப் பேசலாம். தொழிலில் நேரக்கூடிய நஷ்டத்துக்கு ஈடும், தொழில் செய்யும் மனிதரை உயர்த்துவதற்கான முதலும், அந்த இலாபத்திலிருந்தே வர வேண்டும் என்பது இவ்விதியின் கருத்து. இதனை நாம் சுமையாக எண்ணியதில்லை. ஒழுங்காகவே எண்ணி வந்திருக்கிறோம்.

இதே ஒழுங்கை நாட்டின் மிகப் பெரிய வியாபாரங்களுள் ஒன்றிலும் கைக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இங்கே கூற விரும்புவது. அது மது வியாபாரம். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கத்துக்கு ஆயத்தீர்வையாகவும் விற்பனை வரியாகவும் மதுவின் வழியே வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதற்கு முந்திய ஆண்டில் அது 45,855 கோடி. இவ்வளவு பெரிய வருவாயை ஈட்டும் ஒரு தொழில் தன்னால் நேரும் நஷ்டத்துக்கென்று எடுத்து வைக்கும் சேமநிதி எங்கே? குடித்துவிட்டு வந்த கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கும், அதைக் கண்டு சுவரோரம் ஒடுங்கும் குழந்தைக்கும், குடியை விட விரும்பியும் விடும் வழியறியாத கணவனுக்கும் இவ்வருவாயில் சட்டம் வகுத்துக் கொடுத்த நிலையான பங்கு என்று ஒன்று இல்லை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை என்று கருதுகிறோம்.

நம் ஊரின் கணக்கு

அத்திப்பட்டைப் பார்ப்போம். ஒரு காலத்தில் நெல்லும் உப்பும் மீனுமாக வாழ்ந்த பகுதி இது. 1994 முதல் வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நம் வானத்தில் நிற்கின்றன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. நிலக்கரி வண்டிகளும் எரிவாயு லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஒப்பந்தக் கூலிகளாக அவ்வாலைகளின் வாயில்களில் நிற்கின்றனர். பொன்னேரிப் பக்கத்து வயல்களில் இன்னும் நடவு நடக்கிறது. மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிகள் ஒலிக்கின்றன. தெற்கே திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையோ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னர் கோலெட் நெசவாளரைக் குடியமர்த்தி உண்டாக்கிய ஊர் என்பதைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

இத்தனை தொழில்களுக்கும் பொதுவாக அமைந்த நாள் ஒன்று உண்டு. அது கூலி நாள். ஆலையில் சம்பளம் கிடைக்கும் நாளும், சங்கத்தில் துணி கொடுத்துக் கூலி பெறும் நாளும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வந்து சேரும் நாளும் வீட்டில் மகிழ்ச்சி பொங்க வேண்டிய நாள்கள். ஆனால் எத்தனையோ வீடுகளில் அன்று பொழுது சாயும்போதே பெண்கள் வாசலை நோக்கி அஞ்சத் தொடங்குகின்றனர். கணவன் வரும் நடையைக் கொண்டே அன்றிரவு எப்படிக் கழியும் என்று கணித்துவிடுகின்றனர். அரிசிக்கு என்று வைத்த பணத்தை எந்தப் பானையில் ஒளிப்பது, பிள்ளைகளை எந்த வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது என்பவை அவர்களுடைய அந்நாளைய கவலைகள். அங்கத்தினர்களே, இது நமக்குத் தெரியாத செய்தியன்று; நாம் பேசாத செய்தி.

நம் சங்கத்தின் குறை

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையை ஒப்புக்கொள்வது நேர்மை. நெசவு என்பது ஒருவர் மட்டும் செய்யும் தொழிலன்று. தார் சுற்றுவதும், சிக்கெடுப்பதும், பாவு பிணைக்கத் துணை நிற்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. தறியில் அமர்பவரும் பல வீடுகளில் அவர்களே. ஆயினும் சங்கப் புத்தகத்தில் அங்கத்தினர் பெயர் கணவன் பெயர். கூலி எழுதுவது அவன் கணக்கில். வயலிலும் அப்படியே. நடவும் களையும் அறுப்பும் அவள் கை. பயிர்க்கடனும் கொள்முதல் பணமும் அவன் கை. நகை ஈட்டுக் கடனில் இது இன்னும் விந்தையானது. பெட்டியில் வந்து சேர்வது அவளுடைய நகை. கையெழுத்தும் பணமும் அவனுடையவை.

சில ஆண்டுகளுக்கு முன் கூலி வழங்கிய ஒரு மாலையில் ஒரு பெண்மணி நம் அலுவலக வாயிலில் நெடுநேரம் நின்றார். உள்ளே வரவில்லை. வினவியபோது, “ஐயா, இந்த வாரக் கூலியை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள், என்னிடம் கொடுங்கள்” என்று மெல்லக் கூறினார். அவர் கன்னத்தில் வீக்கம் இருந்தது. நாம் விதிகளைப் புரட்டினோம். அங்கத்தினர் அவர் கணவர். அங்கத்தினர் ஒப்பமின்றிப் பிறரிடம் பணம் கொடுப்பதற்கு இடமில்லை என்று கூறி அனுப்பிவிட்டோம். விதிப்படி நாம் செய்தது சரியே. ஆனால் அவர் திரும்பிச் சென்ற நடை இன்றளவும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. எந்த விதியைப் பார்த்தோமோ அதை மாற்றும் அதிகாரம் நம் பொதுக்குழுவுக்கே இருந்தது என்பதை நாம் அன்று எண்ணவில்லை.

குடி மட்டுமே காரணமன்று

இவ்விஷயத்தில் உணர்ச்சியோடு கணக்கும் வேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான மகளிருள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியா முழுமைக்கும் இது நூற்றுக்கு 29. கல்வியிலும் மருத்துவத்திலும் முன் வரிசையில் நிற்கும் நம் மாநிலம் இதில் பின்தங்கி நிற்பது வெட்கத்துக்குரியது. அக்கணக்கெடுப்பே மற்றொன்றையும் காட்டுகிறது. அடிக்கடி குடித்து வெறிகொள்ளும் கணவரை உடைய மகளிருள், நாடு முழுதும் எடுத்துப் பார்த்தால், நூற்றுக்கு 70 பேர் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கின்றனர். குடியாத கணவரை உடையவருள் அது 23.

இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். எழுபதுக்கும் இருபத்து மூன்றுக்கும் உள்ள இடைவெளி, குடி எவ்வளவு பெரிய தீயை மூட்டுகிறது என்பதைக் காட்டுகிறது. அந்த இருபத்து மூன்றோ, குடியே இல்லாத வீட்டிலும் கை ஓங்கும் வழக்கம் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. மனைவியை அடிப்பது கணவனுக்குரிய உரிமை என்ற எண்ணம் குடியினால் பிறந்ததன்று. குடி அதற்குத் துணிவு கொடுக்கிறது. “குடித்தால்தான் அவன் அப்படி, மற்ற நேரத்தில் நல்லவன்” என்று நாம் ஆறுதல் கூறுகிறோம். குடித்தவன் தன் மேஸ்திரியை அடிப்பதில்லை, கடைக்காரனை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியை மட்டும் அடிக்கிறான் என்றால், அவனுக்கு அறிவு முற்றும் மயங்கிவிடவில்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

ஆகவே அரசாங்கம் செலவிடும் பணம் இரு வழிகளில் ஒருங்கே செல்ல வேண்டும். குடிநோய் கொண்டவனுக்குச் சிகிச்சை ஒன்று. அடிபடுபவளுக்குப் பாதுகாப்பு மற்றொன்று. சிகிச்சை மட்டும் கொடுத்தால், அவன் குணமாகும் வரை அவள் அடி பொறுத்துக் காத்திருக்க வேண்டும் என்றாகும். பாதுகாப்பு மட்டும் கொடுத்தால், அவள் திரும்பி வரும் வீடு பழைய வீடாகவே இருக்கும். பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் துணி.

ஒரு வரி பிறந்த கதை

நம் நாட்டில் மதுவுக்கும் கருவூலத்துக்கும் உள்ள உறவு நெடுங்கதை. 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் மந்திரிசபை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அதனால் குறையும் வருவாயை எங்கிருந்து ஈடு செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பின்னாளில் நாடெங்கும் பரவிய அவ்வரிக்கு வழிகாட்டியது நம் சென்னை மாகாணமே. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவை ஒழிக்கும் பொருட்டு மக்கள் வேறொரு வரியைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டனர்.

1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. இடையில் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டு, 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றிற்று. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடைகள் மூடின, திறந்தன, மீண்டும் மூடின. ஆனால் மதுவிலக்கின் பேரால் பிறந்த விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் நீங்கவில்லை. அது வளர்ந்து பெயர்கள் பல மாறி, 2017இல் சரக்கு, சேவை வரியாகத் திரண்டது. மதுவோ அப்புதிய வரிக்கும் வெளியே நிறுத்தப்பட்டு, மாநிலத்தின் தனி வருவாயாகவே தொடர்ந்தது. மதுவை விட்டதற்கு ஈடாக ஒரு வரி. பின்னர் மதுவிலிருந்தும் ஒரு வரி. கருவூலம் இரு கைகளாலும் பெற்றது. இரு முறையும் கொடுத்த குடும்பத்துக்குத் திரும்பி வந்தது யாது என்று கேட்பது நியாயமே.

நம் ஊர் இரயில் பாதையிலேயே வடக்கு நோக்கிச் சென்றால் கூடூரைக் கடந்து நெல்லூரை அடையலாம். அம்மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரில் 1992இல் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், தங்கள் வாழ்வைப் போன்ற கதையைப் பாடத்தில் படித்துவிட்டு, ஊர்ச் சாராயக் கடையை மூடுவித்தனர். அந்தக் கிளர்ச்சி மாவட்டம் கடந்து மாநிலமெங்கும் பரவிற்று. 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயம் விலக்கப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்ந்தது. கருவூலத்தின் நெருக்கடி அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானது. அடிபட்டவர்களின் குரலால் மூடிய கடை, கணக்கரின் குரலால் திறந்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கடைகள் அரசியல் காற்றில் திறக்கலாம், மூடலாம். அதற்கேற்ப அடிபடும் பெண்ணின் பாதுகாப்பும் ஆடக்கூடாது. அது சட்டத்தில் ஊன்றி நிற்க வேண்டும்.

சட்டம் உண்டு, தூரமும் உண்டு

சட்டமே இல்லை என்று நாம் கூறவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அது நல்ல சட்டம். வீடு கணவன் பெயரில் இருந்தாலும், மாமனார் பெயரில் இருந்தாலும், அவளை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது என்று ஆணை பெறலாம். அவன் அணுகக் கூடாது என்று ஆணை பெறலாம். மருத்துவச் செலவும் வாழ்க்கைச் செலவும் கோரலாம். மனுவை மூன்று நாளுக்குள் விசாரணைக்கு எடுக்கவும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்கவும் நீதிபதி முயல வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. இவற்றுக்கெல்லாம் அவளுக்குத் துணை நிற்பதற்காகப் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியும் வகுக்கப்பட்டது.

ஆனால் சட்டம் ஏட்டில் ஓடும் வேகத்துக்கு ஆள் பலம் வேண்டும். ஆள் பலத்துக்குப் பணம் வேண்டும். மாவட்டம் முழுமைக்கும் ஓர் அலுவலர் என்றே பல மாநிலங்களில் காரியம் நடந்து வந்தது. 2022 ஜூலையில் நாடு முழுதும் இச்சட்டத்தின்கீழ் 4 இலட்சத்து 71 ஆயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு. மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களைக் குறித்தாக வேண்டும் என்று 2025 மே மாதத்தில் அந்நீதிமன்றமே மாநிலங்களுக்கு ஆணையிட நேர்ந்தது. சட்டம் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆன பிறகு அதனை நினைவூட்ட வேண்டியிருந்தது.

அத்திப்பட்டுப் பெண் ஒருத்தி மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்குச் செல்ல வேண்டுமாயின், கும்மிடிப்பூண்டித் தடத்தில் சென்னை நோக்கிச் சென்று, அங்கே அரக்கோணம் தடத்துக்கு மாறி, மீண்டும் மேற்கே செல்ல வேண்டும். சாலை வழியாயின் பேருந்து மாற வேண்டும். இரண்டு குழந்தைகளை அழைத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டு, கணவன் அறியாமல் அவள் எங்ஙனம் அங்கே போய்ச் சேருவாள்? ‘சகி’ என்ற பெயரில் 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. மருத்துவம், காவல் துறை உதவி, சட்ட ஆலோசனை ஆகியவை அங்கே ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே தங்குவதற்கு வகுத்த காலம் பொதுவாக ஐந்து நாள். ஆறாம் நாள் அவள் எங்கே போவாள்? பெரும்பாலும் அடித்தவன் வீட்டுக்கே போவாள்.

சிகிச்சையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவன் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும்; வலிப்பு வரலாம்; சித்தம் கலங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் “மன உறுதி வேண்டும்” என்று உபதேசிப்பது போதாது. மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். அதன் பின்னரும் பல மாதங்கள் ஆலோசனையும் தொடர் கவனிப்பும் வேண்டும். 1980இல் சென்னையில் தோன்றிய டி. டி. இரங்கநாதன் நிலையம் குடியைக் குற்றமாக அன்றி நோயாகக் கண்டு, குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்து வழிகாட்டிற்று. 2025இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்னும் பெயரில் மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து ஊர் திரும்பியவனைத் தொடர்ந்து பார்க்க நம் ஊர் அளவில் ஆள் வேண்டும். அவன் திரும்பும்போது அவள் அங்கே அச்சமின்றி இருக்கிறாளா என்று கேட்பதற்கும் ஆள் வேண்டும்.

நூற்றுக்கு ஒன்று

நாம் கேட்பது பெருந்தொகையன்று. மதுவின் வருவாயில் நூற்றுக்கு ஒரு ரூபாய். 2024-25ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது 483 கோடி. 38 மாவட்டங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 12 கோடியே 70 இலட்சம் வரும். அதைக்கொண்டு வட்டந்தோறும் வேறு பணி சுமத்தப்படாத முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை வண்டியோடு அமர்த்தலாம். பொன்னேரி போன்ற வட்டத் தலைநகரில், ஐந்து நாளோடு கதவு அடைக்காமல் சில மாதங்களேனும் தாயும் பிள்ளைகளும் தங்கும் இல்லம் நடத்தலாம். வட்ட மருத்துவமனையில் குடிநோய்க்கென்று படுக்கைகளும், ஊர்தோறும் சென்று பார்க்கும் ஆலோசகர்களும் ஏற்படுத்தலாம்.

இது எங்கும் இல்லாத புதுமையன்று. தாய்லாந்து நாடு 2001இல் மது, புகையிலை ஆகியவற்றின் தீர்வைக்கு மேல் நூற்றுக்கு இரண்டு வீதம் கூடுதலாக வசூலித்து, அதைக்கொண்டு மக்கள் நல்வாழ்வுக்கென்றே தனி நிதியம் அமைத்தது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் கையேந்தி நிற்காமல் அந்நிதியம் நடக்கிறது. நம் நாட்டிலேயே நம் சங்கங்கள் சேமநிதியை இவ்வாறுதான் காத்து வருகின்றன. 1904இல் நம் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய நாளிலிருந்து நாம் பழகி வந்த ஒழுங்கை அரசாங்கமும் பழகலாம்.

இழப்பீடு கொடுக்கும் மனம் அரசாங்கத்துக்கு உண்டு என்பதையும் கண்டிருக்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அருந்தி 60 பேருக்கு மேல் மாண்டபோது, இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. கதியற்ற குடும்பங்களுக்கு அது வேண்டியதே. அதனைக் குறை கூறோம். ஆனால் கணவன் இறந்த பிறகு அவள் வீட்டு வாசலுக்கு வரத் தெரிந்த பணத்துக்கு, அவன் உயிரோடிருந்து அவளை அடித்த நாள்களில் வழி தெரியாமற் போனது ஏன்?

சில மறுப்புகள்

“மதுப் பணத்தால் நற்காரியம் செய்வது பாவப் பணத்தை ஏற்பதாகும், மேலும், நிதிக்காகவே கடைகளை வைத்திருக்க வேண்டியதாகும்” என்பர் சிலர். கடன் பட்டவன் கடன் கொடுத்தவனுக்குத் திருப்பித் தருவது தானமன்று. இப்பணம் ஏற்கெனவே அவ்வீடுகளிலிருந்து சென்ற பணம். கடைகள் குறைந்து வருவாய் குறையுமாயின் பங்கும் குறையும். நாளடைவில் தேவையும் குறையும். அந்நாள் வந்தால் மகிழ்வோம்.

“முழு மதுவிலக்கே மருந்து, இடைவழி எதற்கு?” என்பர் வேறு சிலர். அரசியல் சட்டத்தின் 47ஆம் விதி மதுவிலக்கை நோக்கமாகக் கூறுவதை நாம் அறிவோம். அதற்காக 2015இல் உயிர் நீத்த காந்தியவாதி சசிபெருமாளை மறக்கவில்லை. ஆனால் மதுவிலக்கு வரும் வரை அடி நிற்காது; வந்த பின்னும் நூற்றுக்கு இருபத்து மூன்று நிற்கிறது. மதுவிலக்கை வேண்டுவோரும் வேண்டாதோரும் இந்த ஒரு ரூபாயில் ஒன்றுபடலாம்.

“குடும்ப விஷயத்தில் வெளியார் தலையிடலாமா?” என்பது மூன்றாவது மறுப்பு. நம் அங்கத்தினரிடையே அதிகம் கேட்கும் குரல் இதுவே. கடன் தவணை தவறினால் நாம் அவ்வீட்டுக்குள் செல்கிறோம், தறியை எண்ணுகிறோம், நகையை ஏலம் விடுகிறோம். அப்போது அது குடும்ப விஷயம் என்று வாசலில் நிற்பதில்லை. பொருளுக்காக நுழையும் கால் உயிருக்காக நுழையத் தயங்கலாமா? கை ஒடிந்த பெண் தார் சுற்ற மாட்டாள். களை பறிக்க மாட்டாள். அந்த வீட்டுக் கடன் நிலுவையாகும். சங்கத்தின் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கும் இது சொந்த விஷயமே.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலாவது, தறி வேலையிலோ வயல் வேலையிலோ பங்கு கொள்ளும் ஒவ்வொரு பெண்ணையும் அவள் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்ப்பது; அவள் வேலைக்குரிய கூலியை அவள் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது. இரண்டாவது, பெண்ணின் நகை மீது கடன் கொடுக்கும்போது அவளை நேரில் தனியே கேட்டு, அவள் பெயரிலேயே கடன் வழங்குவது. மூன்றாவது, ஆபத்து நேர்ந்த இரவில் ஊரை விட்டுச் செல்ல நேரும் பெண் அங்கத்தினருக்கு, கணவன் கையெழுத்தின்றிச் சிறு அவசரக் கடன் தருவது. நான்காவது, குடிநோய்க்குச் சிகிச்சை பெறும் அங்கத்தினரின் கடன் தவணையை அக்காலத்துக்கு ஒத்தி வைப்பது. திரும்பி வந்தவரை ஏளனம் செய்யாமல் தறிக்கும் வயலுக்கும் அழைத்துக்கொள்வது. ஐந்தாவது, பெண்கள் உதவித் தொலைபேசி எண் 181ஐயும், போதை மீட்பு உதவி எண் 14446ஐயும், பாதுகாப்பு அலுவலரின் முகவரியையும் சங்க அலுவலகத்தில் எல்லோரும் காணும்படி எழுதி வைப்பது.

இவற்றோடு, மது வருவாயில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சட்டத்தால் ஒதுக்க வேண்டும் என்றும், அதன் வரவு செலவை ஆண்டுதோறும் கிராம சபையில் படிக்க வேண்டும் என்றும் ஒரு தீர்மானத்தை நம் பொதுக்குழு நிறைவேற்றி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைகளிலும் அதே தீர்மானம் வரட்டும். ஒரு சங்கத்தின் தீர்மானம் ஒரு நூலிழை; அறுந்து போகும். மாவட்டத்துச் சங்கங்கள் அனைத்தும் சேர்ந்து அனுப்பினால் அது பாவு, அதில் நெய்யலாம்.

அன்று நம் வாயிலில் நின்று திரும்பிச் சென்ற பெண்மணி இப்போதும் நம் ஊரில்தான் இருக்கிறார். இன்னும் தார் சுற்றுகிறார். அடுத்த கூலி நாளன்று அவர் மீண்டும் வருவாராயின், விதிப் புத்தகத்தை நாம் மறுபடியும் புரட்டத்தான் வேண்டும். அப்போது அதில் அவருக்கென்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதை எழுதும் பேனா, அங்கத்தினர்களே, உங்கள் கையில் இருக்கிறது.